அவசியம் நீங்கிய வழிகள்: மேற்கு நார்வேயின் சாலைப் பயணம் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய மூன்று நாடுகளையும் ஒரே காரில் சுற்றிவருவது இன்று எளிது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் எரசுந்துப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து, கோபன்ஹேகனில் வண்டியெடுத்தவர் மால்மோ, கோதன்பர்க் வழியாக ஒஸ்லோ வரை படகேறாமலே போய்விடலாம். அந்த வழியில் வயலும் காடும் ஏரியும் உண்டு. எல்லாமே கண்ணுக்கு இதமானவை. ஆனால் குடும்பத்தோடும் நண்பர்களோடும் காட்சி காண்பதற்கென்றே புறப்படுகிறவர்களின் மனம் நாடுவது நார்வேயின் மேற்குப் பகுதியை. ஆகவே இக்கட்டுரை சோக்ன ஃபியோர்டுக்கும் அட்லாண்டிக் கரைக்கும் இடைப்பட்ட மலைச் சாலைகளையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. வடகோடியை ஓரிடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறது.

இந்தச் சாலைகளின் அழகை மலைக்கும் நீருக்குமே உரியதாகப் பேசுவது வழக்கம். மலையும் நீரும் அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக இருக்கின்றன. காரில் வரும் ஒரு குடும்பம் அவற்றைக் கைக்கெட்டும் தொலைவில் பார்ப்பது சாலை இருப்பதால். அந்தச் சாலையை யார், எதற்காக, எப்போது போட்டார்கள் என்று விசாரித்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. இன்று உலகம் புகழும் வழிகளில் பல, பிழைப்புக்காக, வேறு போக்கில்லாமல் வெட்டப்பட்டவை. அவற்றைவிட விரைவான வழி ஒன்று வந்து அவற்றின் அவசியம் குறைந்த பிறகே அவை உலாவுக்குரிய வழிகளாயின. இக்கருத்தை நிறுவுவதும், அது கூட்டாகப் பயணம் செய்கிறவர்களுக்கு என்ன தருகிறது என்று காண்பதும் இங்கே நோக்கம்.

2. நிலமும் அதன் பழைய வழிகளும்

பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் ஃபியோர்டு. சோக்ன ஃபியோர்டு நாட்டுக்குள் 200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அதன் ஆழம் 1,300 மீட்டரைத் தாண்டுகிறது. கடலோடு சேரும் வாய்ப்பகுதியில் ஆழம் குறைவு. அங்கே பனி பரந்து மெலிந்ததால் அதன் அரிக்கும் வலு குன்றிவிட்டது. உள்ளே போகப் போகக் கரை சுவராக எழுகிறது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் திட்டுகளில்தான் ஊர் அமைய இடம் கிடைத்தது. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே பாறைச் சுவர் நின்றதால் தண்ணீரே தெருவாயிற்று. தேவாலயத்துக்கும் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் மக்கள் துடுப்பு வலித்தே போனார்கள். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஊர்னெஸ் மரத் தேவாலயம் ஃபியோர்டின் ஓரத்தில் ஒரு முனையில் நிற்பதன் காரணம் இதுவே. இன்றும் சோல்வோர்ன் என்னும் சிற்றூரிலிருந்து சிறு படகொன்று எதிர்க்கரைக்கு ஆட்களையும் கார்களையும் ஏற்றிச் செல்கிறது.

தரை வழியில் நிலைமை வேறு. நெடுங்காலம் வழிப்போக்கர்களைக் குதிரையேற்றி அடுத்த நிலையம் வரை கொண்டுவிடுவது வழியோர உழவர்களின் கடமையாக இருந்தது. 1790களில் ஃபீல மலையைக் கடந்து ஒஸ்லோவையும் பெர்கனையும் இணைக்கும் அரச சாலை வண்டி போகும் தரத்தில் அமைந்தது. அதன் சில துண்டுகள் இன்று நடைபாதைகளாகப் பேணப்படுகின்றன. போர்குண்ட் மரத் தேவாலயத்தை அடுத்த விண்டெல்லா வளைவுகளில் பெரியவர்களும் குழந்தைகளுமாக ஒரு மணி நேரம் நடந்து பார்க்கலாம். வண்டிச் சாலை ஒன்று மலையை எப்படிக் கெஞ்சி ஏறியது என்பது காலுக்கே தெரிந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பொறியாளர்கள் வந்தனர். கெய்ராங்கர் ஊரிலிருந்து மலைமேல் ஏறும் சாலை 1889இல் திறக்கப்பட்டது. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பொறியியலுக்காகத் தங்கப் பதக்கம் பெற்றது. ஃபியோர்டு மக்களை உள்நாட்டோடு இணைப்பது அதன் வேலை. அதே 1889இல்தான் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லெல்ம் தம் கப்பலில் முதன்முறையாக இக்கரைக்கு வந்தார். 1914 வரை ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் வந்துகொண்டிருந்தார். பிழைப்புக்கான சாலையும் பார்வைக்கான பயணமும் அப்போதே அருகருகே தொடங்கிவிட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாலையின் செலவை நியாயப்படுத்தியது பிழைப்பு.

1894இல் திறந்த ஸ்த்ரீன் மலைச் சாலையின் ஓரங்களில் வரிசையாக நட்ட காவல் கற்கள் இன்றும் நிற்கின்றன. 27 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வழியைக் கையால் கட்டியவர்களில் சுவீடனிலிருந்து வந்த கூலியாட்கள் இருந்தனர். 1936இல் அரசர் ஏழாம் ஹோகோன் திறந்துவைத்த ட்ரோல்ஸ்டீகன் 8 ஆண்டு உழைப்பில் உருவானது. அதற்கு முன் அங்கே இருந்தது பொதி குதிரைகளின் ஒற்றையடிப் பாதை. அதன் 11 கொண்டை ஊசி வளைவுகளில் பல, அவற்றைக் கட்டிய குழுக்களின் மேஸ்திரிகளுடைய பெயரைத் தாங்கியிருக்கின்றன. அரசரின் பெயரைவிட இந்தப் பெயர்களே எனக்குப் பெரிதாகப் படுகின்றன. 1938இல் திறந்த சோக்ன மலைச் சாலை, பொருளாதார நெருக்கடியில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களைக் கொண்டு போடப்பட்டது. 1,434 மீட்டர் உயரத்தில் வட ஐரோப்பாவின் மிக உயர்ந்த கணவாய்ச் சாலையாக அது இன்று விளங்குகிறது. அதில் ஒரு குடும்பம் பனியாற்றைப் பார்த்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிட முடிகிறதென்றால், அந்த இளைஞர்கள் குளிரில் கல்லுடைத்ததுதான் காரணம்.

3. சுரங்கம் வந்தபின்

கருத்தின் மையச் சான்று லேர்டாலுக்கும் அவுர்லாண்டுக்கும் இடையே கிடைக்கிறது. இரண்டும் சோக்ன ஃபியோர்டின் கிளைகளில் அமைந்த ஊர்கள். இடையில் மலை. 1967இல் திறந்த மலைச் சாலை கோடையில் உதவியது. குளிர்காலத்தில் பனி அதை மூடிவிடும். ஒஸ்லோவையும் பெர்கனையும் எல்லாப் பருவத்திலும் படகின்றி இணைக்க வேண்டும் என்ற தேவை ஒரு சுரங்கப்பாதையில் முடிந்தது. 1995இல் தொடங்கி 2000ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட லேர்டால் சுரங்கம் 24.5 கிலோமீட்டர் நீளம். உலகின் மிக நீண்ட சாலைச் சுரங்கம் அது. அதைக் கடக்க இருபது நிமிடமாகும். இவ்வளவு நேரம் பாறைக்குள் ஓட்டுகிறவர் சோர்ந்துவிடாமலிருக்க 6 கிலோமீட்டருக்கு ஒன்றாக மூன்று பெருங்குகைகள் குடைந்து, அடியில் மஞ்சளும் மேலே நீலமுமாக விளக்கிட்டிருக்கிறார்கள். பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை அந்த நீல வெளிச்சத்தில் கண்விழித்து ‘விடிந்துவிட்டதா?’ என்று கேட்கக்கூடும்.

சுரங்கம் திறந்தபின் மேலே கிடந்த 47 கிலோமீட்டர் மலைச் சாலைக்கு லாரிகளும் பேருந்துகளும் வரவேண்டிய கட்டாயம் இல்லை. அதைக் கைவிட்டிருக்கலாம், விடவில்லை. அவுர்லாண்டிலிருந்து ஏறினால் சில நிமிடங்களில் ஸ்டெகஸ்டைன் காட்சி மேடை வருகிறது. டாட் சாண்டர்ஸ், டோமி வில்லெல்ம்சன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் 2006இல் அமைத்தது. மரத்தாலான அந்த மேடை மலைச் சரிவிலிருந்து 30 மீட்டர் வெளியே நீண்டு, ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே முடிகிறது. முனையில் தடுப்பாக இருப்பது சாய்ந்த கண்ணாடி. அதற்கு மேலே சாலை 1,306 மீட்டர் வரை ஏறுகிறது. ஜூன் மாதத்திலும் இருபுறமும் வண்டியைவிட உயரமான பனிச் சுவர்கள் நிற்பதுண்டு. வழியில் வேதஹவுகன என்னுமிடத்தில் மார்க் டயன் என்ற அமெரிக்கக் கலைஞர் அமைத்த குகை ஒன்று இருக்கிறது. உள்ளே மனிதர் வீசிய குப்பைக் குவியலின் மேல் ஒரு கரடி தூங்குகிறது. குழந்தைகள் அந்தக் கரடியை வெகுநேரம் உற்றுப் பார்ப்பார்கள். அது எதன்மேல் படுத்திருக்கிறது என்று பெரியவர்கள் பிறகே கவனிப்பார்கள்.

விரைவு வேண்டியவருக்குக் கீழே வழி, பார்வை வேண்டியவருக்கு மேலே வழி என்று இரண்டும் ஒரே மலையில் அமைந்த இந்த ஏற்பாட்டை நான் நார்வேயின் பெரிய கொடையாகக் கருதுகிறேன். மேலே ஓட்டுகிறவரின் பின்னால் பொறுமையிழந்த லாரி கிடையாது. அவர் மெல்லப் போகலாம். ஸ்த்ரீன் மலையிலும் இதுவே நடந்தது. 1970களின் இறுதியில் சுரங்கங்கள் கொண்ட புதிய சாலை வந்ததும் பழைய சாலை, அதன் காவல் கற்களோடு, கோடைகாலத்துக்கு மட்டுமான அமைதி வழியாயிற்று.

எதிர்ச்சான்றும் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். அட்லாண்டிக் சாலை 1983இல் தொடங்கி 1989 ஜூலையில் திறக்கப்பட்டது. 8.3 கிலோமீட்டர் நீளத்தில் 8 பாலங்கள் தீவுக்குத் தீவு தாவுகின்றன. அவற்றில் மிக நீளமானது 260 மீட்டர் கொண்ட ஸ்டோர்செய்சுந்துப் பாலம். கட்டுமானக் காலத்தில் 12 சூறாவளிகள் அடித்தன. இந்தச் சாலைக்கு மாற்று வழி எதுவும் வரவில்லை. ஆவரோய் தீவுக்காரர்களுக்கு அது இன்றும் அன்றாட வழி. காட்சிக்கு வருகிறவர்களோடு மீன் லாரியும் அதில் ஓடுகிறது. ஆகவே அவசியம் நீங்கினால்தான் அழகு பிறக்கும் என்று விதி வகுக்க முடியாது. அவசியமுள்ள சாலையில் நின்று பார்ப்பது கடினம் என்று சொல்லலாம். அங்கே பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. ஓரத்தில் தனியே அமைத்த நிறுத்தங்களும் நடைபாதையும் இல்லையென்றால் அலை பாறையில் மோதுவதை ஓட்டுகிறவர் பார்க்கவே முடியாது.

4. நிற்பதற்கென ஒரு கட்டடக்கலை

நிறுத்தங்களை அமைப்பதை நார்வே ஓர் அரசுப் பணியாகவே எடுத்துக்கொண்டது. 1990களில் சோக்ன மலை, பழைய ஸ்த்ரீன் மலை, ஹர்டாங்கர், ஹெல்கெலாண்ட் கரை ஆகிய இடங்களில் சோதனையாகத் தொடங்கிய திட்டம் பின்னர் நாடு முழுதும் 18 தேசியக் காட்சிச் சாலைகளாக விரிந்தது. நடத்துவது பொதுச் சாலைத் துறை. குழி அடைப்பதும் பனி தள்ளுவதும் பாறை சரிவதைக் கண்காணிப்பதும் யாருடைய வேலையோ, அவர்களே இளம் கட்டடக் கலைஞர்களை அழைத்துக் காட்சி மேடைகளும் கழிப்பறைகளும் கட்டச் சொன்னார்கள். சாலைத் துறை ஒன்று இப்படி யோசித்ததை வியந்து பாராட்ட வேண்டும்.

ட்ரோல்ஸ்டீகனின் உச்சியில் ரெய்யுல்ஃப் ராம்ஸ்டா நிறுவனம் அமைத்த மையம் 2012இல் முடிந்தது. துருப்பிடித்த நிறமுடைய எஃகுத் தளங்கள் பாறை விளிம்புக்கு நடத்திச் சென்று, ஸ்டீக் அருவியையும் கீழே சுருண்டு கிடக்கும் வளைவுகளையும் காட்டுகின்றன. ஹர்டாங்கர்விட்டா வழியில் 182 மீட்டர் விழும் வோரிங் அருவிக்கு மேலே கார்ல்-விகோ ஹோல்மபக் வடிவமைத்த படிப்பாலம் 2020இல் திறந்தது. எனக்கு இவற்றினும் பிடித்தது ஹெல்கெலாண்ட் கரையிலுள்ள உரெட் நிறுத்தம். 2018இல் திறந்த அதன் கழிப்பறை அலைபோல் எழுந்து விழும் வளைந்த கான்கிரீட். எதிரே கடல். உட்காரப் பளிங்கு இருக்கைகள். அருகில், 1943இல் ஆட்களோடு மூழ்கிய உரெட் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் நினைவுச் சின்னம். பயணத்தில் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும்போது முதலில் தேடப்படுவது கழிப்பறை. அந்த எளிய தேவைக்கு இத்தனை மதிப்புக் கொடுத்திருப்பதில் மக்கள்மேல் உள்ள அக்கறை தெரிகிறது.

வடகிழக்குக் கோடியில் வாராங்கர் சாலை முடியும் பக்கம் வார்டோ தீவு இருக்கிறது. அங்கே 2011இல் திறந்த ஸ்டெய்ல்னெஸ் நினைவகம், 17ஆம் நூற்றாண்டில் ஃபின்மார்க் பகுதியில் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டிக் கொல்லப்பட்ட 91 பேருக்கானது. பீட்டர் சும்தோர் அமைத்த நீண்ட துணிக்கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சாளரமும் ஒரு விளக்கும் உண்டு. அதை அடுத்த கண்ணாடிக் கூடத்தில் லூயீஸ் பூர்ஷ்வா வைத்த நாற்காலியில் தீ எரிகிறது. காட்சிச் சாலை என்ற பெயரில் ஓர் அரசு தன் பழைய கொடுமையையும் பயணிகளுக்குக் காட்டுவது அரிது. இதே ஃபின்மார்க் கரையின் மீன் ஆலைகளில் 1980களிலும் 1990களிலும் ஈழத் தமிழர் பலர் வேலை செய்தார்கள். போரிலிருந்து தப்பி வந்து அந்தக் குளிரில் வாழ்வைத் தொடங்கியவர்கள் அவர்கள். ஆகவே ஒஸ்லோவிலோ பெர்கனிலோ இன்று வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வடக்கு நோக்கிய சாலை, அப்பா முதன்முதலில் சம்பளம் வாங்கிய ஊரைப் பார்த்துவரும் வழியாகவும் இருக்கலாம்.

5. கூட்டுப் பயணத்தின் ஒழுங்கு

ஊருக்கு வெளியே பொதுவான வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். மலையில் அந்த வேகமும் வராது. கெய்ராங்கர்–ட்ரோல்ஸ்டீகன் வழி 104 கிலோமீட்டர்தான். நின்று பார்த்துப் போனால் அரை நாள் போதாது. கெய்ராங்கரிலிருந்து 11 வளைவுகளில் ஏறும் கழுகுச் சாலை 1955இல் திறந்தது. அது அந்த ஊருக்குக் குளிர்காலத்திலும் வெளியுலகத் தொடர்பைக் கொடுத்தது. அங்கிருந்து இறங்கினால் ஐட்ஸ்டாலில் படகு. அக்கரை சேர்ந்து வல்டால் போனால், ஜூலையில், சாலையோரமே ஸ்ட்ராபெரி விற்பார்கள்.

இப்படி ஒரு நாளின் நேரத்தைப் பகிர்ந்துகொள்வதில் எல்லோருக்கும் சம பங்கு கிடைப்பதில்லை. ஓட்டுகிறவர் மிகக் குறைவாகப் பார்க்கிறார். எதிரே பேருந்து வரும்போது எந்த இடத்தில் ஒதுங்குவது என்பதிலேயே அவர் கண் இருக்கும். ஒற்றைத் தடச் சாலைகளில் ‘எம்’ என்று எழுதிய நீலப் பலகை ஒதுங்குமிடத்தைக் காட்டும். அதைத் தாண்டிவிட்டால் பின்னோக்கி ஓட்ட வேண்டிவரும். பக்கத்தில் இருப்பவர்கள் ‘அந்த அருவியைப் பார், அதைப் பார்’ என்று சொல்வது அவருக்கு உதவியும் அல்ல, இன்பமும் அல்ல. காட்சி மேடைகளில் நின்று இறங்கும்போதுதான் அவருக்குச் சேரவேண்டியது சேருகிறது. ஆகவே நிறுத்தத்தைத் தவிர்த்து நேரம் மிச்சம் பிடிக்க நினைக்கும் குழு, தன்னில் ஒருவரின் பங்கை எடுத்துக்கொள்கிறது என்றே சொல்வேன். ஓட்டுகிறவர் மாறிக்கொள்வது இன்னும் நல்லது. ரத்தத்தில் ஆல்கஹாலின் வரம்பு 0.2 புரோமில்; அதாவது ஒரு கோப்பை பீரும் ஆபத்து. தண்டனை கடுமையானது.

படகு இன்னொரு வகை நிறுத்தம். வரிசையில் காத்திருந்து, ஏறி, காரைவிட்டு மேல்தளத்துக்குப் போனால் ஸ்வேல வாங்கலாம். தடித்த அப்பத்தை இரண்டாக மடித்து உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும், அல்லது அந்நாட்டுப் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்துத் தருவது. மேற்குக் கரைப் படகுகளோடு சேர்ந்தே அது நினைக்கப்படுகிறது. பத்து நிமிடப் பயணத்தில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். காருக்குள் முன்னும் பின்னுமாக இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இரவில் தங்குவது பற்றிச் சட்டமே தாராளமாக இருக்கிறது. 1957இன் வெளிவாழ்வுச் சட்டப்படி, விளைநிலம் அல்லாத திறந்த நிலத்தில், குடியிருப்பிலிருந்து 150 மீட்டராவது தள்ளி, எவர் அனுமதியும் கேளாமல் ஒரே இடத்தில் இரண்டு இரவு கூடாரம் போடலாம். இந்த உரிமை கால்நடையாக வருகிறவருக்கு. காரைப் புல்வெளியில் ஏற்றுவதற்கு இல்லை. சாலையை விட்டு வண்டியோட்டுவதை 1977இன் தனிச் சட்டம் தடுக்கிறது. கூட்டமாக வருகிறவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம். உரிமையைப் பெருவாரியான மக்கள் பயன்படுத்தும்போது அதன் வரம்பைக் காப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

6. மலையின் மறுபக்கம்

அழகு தரும் செங்குத்துச் சரிவே ஆபத்தும் தருகிறது. 1934 ஏப்ரல் 7 அதிகாலையில் தாஃபியோர்டில் பாறைச் சரிவொன்று நீரில் விழுந்து பேரலை எழுப்பியது. கரையோர ஊர்களில் 40 பேர் இறந்தனர். அதே ஃபியோர்டுத் தொகுதியின் மேலே நிற்கும் ஓக்கர்னெஸ் மலையில் இன்றும் ஒரு பிளவு விரிந்துகொண்டிருக்கிறது. கருவிகள் அதை இடைவிடாமல் அளக்கின்றன. கெய்ராங்கர் ஊராருக்கென வெளியேறும் திட்டம் ஒன்று உண்டு. ட்ரோல்ஸ்டீகன் 2024 கோடையின் பெரும்பகுதி பாறை விழும் அபாயத்தால் மூடியே இருந்தது. வழக்கமான ஆண்டிலும் அது மே மாதக் கடைசியில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடிவிடும்.

இதிலிருந்து பயணத் திட்டத்துக்கு ஒன்று கிடைக்கிறது. ஒரே சாலையை நம்பி விடுமுறையை வகுக்கக் கூடாது. மேலே வழி அடைந்தால் கீழே சுரங்கமோ படகோ எங்கே என்று முதல் நாள் இரவே பார்த்துவைப்பது நல்லது. குழுவில் ஒருவர் முழு நம்பிக்கையோடு வந்த இடம் மூடியிருந்தால் அந்த ஏமாற்றத்தைச் சேர்ந்து தாங்கத்தான் துணை.

7. படகுக்கு வரும் கேள்வி

கிறிஸ்டியான்சாண்டிலிருந்து ட்ரோண்ட்ஹெய்ம் வரை சுமார் 1,100 கிலோமீட்டர் ஓடும் இ39 சாலையில் இன்னும் பல படகுத் துறைகள் உண்டு. அவற்றைப் பாலங்களாலும் கடலடிச் சுரங்கங்களாலும் மாற்றுவது அரசின் நீண்டகால நோக்கம். ஸ்டவாங்கருக்கு வடக்கே சுமார் 27 கிலோமீட்டர் நீளமும் கடல்மட்டத்துக்குக் கீழே 390 மீட்டர் ஆழமும் உள்ள ரோக்ஃபாஸ்ட் சுரங்கம் குடையப்பட்டு வருகிறது. சோக்ன ஃபியோர்டின் ஆழம் அத்தகைய வேலைக்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. அங்கே லாவிக்கிலிருந்து ஒப்பெடாலுக்கு ஓடும் படகு வேறு புதுமை கண்டது. 2015இல் உலகின் முதல் மின்கலக் கார்ப் படகான ‘ஆம்பேர்’ அந்தத் துறையில்தான் ஓடத் தொடங்கியது.

அன்றாடம் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர்கள் சுரங்கத்தை விரும்புவது நியாயம். பயணிகளின் ரசனைக்காக அவர்களைத் துறையில் காக்கவைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் இக்கட்டுரையின் கருத்து படகிடம் வரும்போது ஓர் இடர் எழுகிறது. அவசியம் நீங்கிய மலைச் சாலை கல்லாகவும் தாராகவும் மலைமேல் கிடக்கும். பின்னொரு தலைமுறை அதை மீட்டெடுக்கலாம். அவசியம் நீங்கிய படகு, மானியம் நின்ற அன்றே நின்றுவிடும். பணியாளர் கலைவார்கள், கப்பல் விற்கப்படும், துறையில் கான்கிரீட் சாய்தளம் மட்டும் மிஞ்சும். கெய்ராங்கருக்கும் ஹெல்லெசில்டுக்கும் இடையே ஓடும் படகு இன்று பெரும்பாலும் காட்சி காண வருகிறவர்களுக்காகவே ஓடுகிறது. சாலை வழி திறந்தபின்னும் படகு நிலைக்க முடியும் என்பதற்கு அது சான்று. 18 காட்சிச் சாலைகளுக்கு நிறுத்தங்கள் கட்டிய துறை, சில படகுத் துறைகளையும் அவற்றின் பகுதியாக முன்கூட்டியே அறிவித்து, கோடையிலாவது ஓடும்படி செய்ய வேண்டும். பாலங்கள் திறந்த பிறகு அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஓட்டுவதற்குக் கப்பல் இருக்காது.